தூக்கி வைக்க ஒரு கை

1

லோகன் கேட்டதால் இந்தக் கதையை எழுதுகிறேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. லோகன் கிள்ளானில் இருந்துகொண்டு ஓர் இணைய இதழ் நடத்துகிறான். வயது முப்பதுகூட ஆகவில்லை. ஆனால் போனில் பேசினால் எனக்குப் பாடம் எடுக்கிற தோரணை.

"அக்கா, இந்தத் தடவை பேன்டசி ஸ்பெஷல். சும்மா மந்திரம் போட்டான், மறைஞ்சு போனான்னு எழுதாதீங்க லா. மேஜிக் சிஸ்டம் வேணும். ரூல்ஸ் வேணும். இமோஷன்ல ஓடுற மாதிரி ஏதாச்சும் யோசிங்க. இப்ப பசங்க அதான் படிக்கிறாங்க."

நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்திருப்பவள். பெயர் குமுதா, வயது ஐம்பத்து மூன்று. வாயைத் திறக்கப் பயந்துகொண்டு வருகிறவர்களை நாளெல்லாம் பார்க்கிறேன். உணர்ச்சியில் ஓடுகிற மாயம் எனக்குத் தெரியாததா? சரி என்றேன்.

மறுபாதி உண்மை பத்துமலை ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கே தரையில் ஒரு பால்குடம். அதன் பக்கத்தில் மஞ்சள் சேலையில் நான். குடத்தைத் தூக்கி என் தலையில் வைக்க ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொஞ்ச நேரத்துக்கு இதை மறைக்கத்தான் பார்ப்பேன்.

2

முதல் தொடக்கம்: "ஏழு கடல்களுக்கு அப்பால், மேகங்கள் முத்தமிடும் மலையடிவாரத்தில், பேரரசி ஒருத்தி –"

(அடித்துவிட்டேன். மேகம் முத்தமிட்டு நான் பார்த்ததில்லை. பேரரசிகளோடும் பழக்கம் இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: "அலையூரில் அன்றைக்கு எல்லோருக்கும் கோபம் வந்ததால் சோறு சீக்கிரம் வெந்தது."

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்வோம். அலையூர்* என் மாயநாடு. அங்கே கோபம் அடுப்பெரிக்கும். பயம் கதவைப் பூட்டும். பொறாமை கத்தி தீட்டும். சந்தோஷம் பாரம் தூக்கும். நல்ல சேதி வந்த வீட்டில் அலமாரியைக்கூட இரண்டு விரலால் நகர்த்திவிடுவார்கள்.

விதி வேண்டும் என்றானே லோகன். ஒரே ஒரு விதி வைத்தேன். அலையூரில் யாருடைய உணர்ச்சியும் அவர் கைக்கே வேலை செய்யாது. என் கோபத்தால் என் அடுப்பு எரியாது. பக்கத்தில் இருப்பவர் என் தோளைத் தொட்டு அந்தக் கோபத்தை எடுத்து, அவர் கையால் பற்றவைக்க வேண்டும். அதனால் அந்த ஊரில் சண்டை போட்ட புருஷனும் பொண்டாட்டியும்கூட சமையல் நேரத்தில் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டுதான் நிற்பார்கள்.

எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சிரிப்பை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் கணினியை மூடினேன்.

* அலையூர் கிள்ளான் மாதிரி இருக்கிறதே என்று கேட்காதீர்கள். ஆமாம், அங்கே ஆறு உண்டு, நண்டு உண்டு, ஊருக்குப் பின்னால் எண்ணெய்ப்பனை உண்டு. நான் பிறந்து வளர்ந்தது கிள்ளானில். புதிதாக ஓர் ஊரைக் கட்ட எனக்குக் கைவராது.

3

நாயகியின் பெயர் மாரியாயி. அலையூரில் ஒரு வழக்கம்: நோயிலிருந்து தப்பியவர்கள் ஆற்றில் ஒரு குடம் நன்னீர் எடுத்து, மலைமேல் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். உச்சி வெயில் வந்தால் கடல் ஏறி ஆறு உப்பாகிவிடும், குடத்து நீரும் உப்பாகிவிடும். அதற்குள் ஏற வேண்டும். அந்தக் குடத்தைச் சந்தோஷத்தால்தான் தூக்க முடியும்.

மாரியாயிக்குச் சந்தோஷத்துக்குக் குறைவில்லை. பிழைத்துவிட்டாள் அல்லவா? பத்துக் குடம் தூக்கும் அளவுக்கு அவளுக்குள் இருக்கிறது. தோளைத் தொட்டு எடுக்கத்தான் ஆள் இல்லை. குடம் தரையில். வெயில் ஏறுகிறது.

இதுவரை எழுதி லோகனுக்கு அனுப்பினேன். மறுநாளே கூப்பிட்டான்.

"சிஸ்டம் சூப்பர் அக்கா. ஆனா இந்த மாரியாயிய நம்ப முடியல."

"ஏன்டா?"

"அவளுக்கு யாருமே இல்லையா? அம்மா அப்பா இல்ல, சரி. பிரண்ட்? பக்கத்து வீட்டு ஆளு? இவ்ளோ பெரிய ஊர்ல இருந்துகிட்டு ஒரு கை கிடைக்காதா? ரீடர் கேப்பாங்க லா."

"கேட்டா கிடைக்கும். அவ கேக்கல."

"அதான், ஏன் கேக்கல?"

"பேஷன்ட் வந்துட்டாங்க லோகன், அப்புறம் பேசுறேன்" என்று போனை வைத்தேன். கிளினிக்கில் யாரும் வரவில்லை. காலி நாற்காலிகள்தான் வரிசையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அன்றைக்கு மாரியாயிக்கு ஒரு முன்கதை தேடினேன். சூனியக்காரி ஒருத்தி அவள் தோளைத் தொட்டால் கருகிப்போகும்படி சபித்து – (அடி.) மாரியாயி அரசனால் நாடு கடத்தப்பட்டு – (அடி.) மாரியாயிக்கு இயல்பிலேயே கொஞ்சம் திமிர் – (இதை அடிக்க மனம் வரவில்லை. ஆனாலும் அடித்தேன்.)

4

மாரியாயி ஏன் கேட்கவில்லை என்று சொல்ல என்னிடம் சாபம் எதுவும் இல்லை. நடந்தது மட்டும்தான் இருக்கிறது. அதைச் சொல்கிறேன். மாயம் கொஞ்ச நேரம் ஓரமாக நிற்கட்டும்.

போன தீபாவளி முடிந்த கையோடு எனக்கு இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. தம்பி விமலனிடம் சொல்ல நினைத்தேன். கிள்ளானில்தான் இருக்கிறான், கொமுட்டர் ரயிலில் ஏறினால் வீடு. ஆனால் அப்போது அவன் மாமியார் ஆஸ்பத்திரியில். அந்த வீட்டில் ஏற்கெனவே ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். முடிவு வரட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். முருகனிடம் மட்டும் சொன்னேன்: ஒன்றும் இல்லாமல் போனால் பால்குடம் எடுக்கிறேன்.

ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். "ஒன்றும் இல்லை, சாதாரணக் கட்டிதான்" என்றார் டாக்டர். லிஃப்டில் இறங்கும்போது எனக்குக் கால் தரையில் இல்லை. கூட வந்த மலாய்க்காரப் பாட்டியைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. கீழே வந்ததும் விமலனுக்குப் போன் போட்டேன்.

"என்னக்கா, ஏதாச்சும் முக்கியமா? இங்க லோரி வந்து நிக்குது, சாமான் இறக்கிகிட்டு இருக்கோம்."

"ஒண்ணும் இல்லடா. சும்மாதான்."

"அப்ப சரி. ராத்திரி கூப்பிடுறேன்."

கூப்பிட மறந்துவிட்டான். அவன்மேல் குற்றமில்லை. ஒன்றும் இல்லை என்றுதானே சொன்னேன்? ஆனால் அந்தச் சந்தோஷம் இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு. கொண்டுபோய்க் கொடுக்க இடமில்லை. ஒரு வாரம் கழித்து அது மெதுவாக வேறு ஏதோ ஆகிவிட்டது.

லோகன் தனிமைக்கு அலையூரில் என்ன சக்தி என்று கேட்டிருந்தான். அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். இப்போது தெரிகிறது, அங்கே அப்படி ஓர் உணர்ச்சியே கிடையாது. கை கிடைக்காமல் தேங்கிப்போன கோபத்துக்கும் பயத்துக்கும் சந்தோஷத்துக்கும் சேர்த்து அங்கே வைத்திருக்கும் பெயர் அது.

5

தைப்பூசத்துக்கு முந்தின ஞாயிறு, கூட்டம் குறைவாக இருக்கும் என்று நினைத்துப் பத்துமலைக்குப் போனேன். குடம், மஞ்சள் துணி, பால் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தேன். விரதத்தில் ஒரு குறை இல்லை. ஆற்றங்கரையில் குளித்துவிட்டு வந்ததும் ஐயர் குடத்துக்குப் பூசை போட்டு, அதன் வாயை மஞ்சள் துணியால் கட்டினார்.

"தூக்கி வைக்க ஆள் இருக்காம்மா?"

"இருக்காங்க சாமி."

அவர் அடுத்த குடத்துக்குப் போய்விட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் பால்குடத்தை எடுக்கிறவர் தானே தலையில் வைத்துக்கொள்வதில்லை. அம்மா எடுத்தபோது அப்பா தூக்கி வைத்தார். விமலன் எடுத்தபோது நான் தூக்கி வைத்தேன். இத்தனை நாள் விரதத்தில் ஒரு தடவைகூட அது என் நினைவுக்கு வரவில்லை.

பக்கத்தில் ஒரு குடும்பம் நின்றது. பந்திங்கிலிருந்து வந்தவர்கள். அந்த மனிதர் ரெங்கசாமி, பெரிய வயிறு, கழுத்தில் ஈரத்துண்டு. தன் மனைவி தனலெட்சுமியின் தலையில் குடத்தைத் தூக்கி வைத்து, அது ஆடாமல் நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தூக்கணுமா தங்கச்சி?"

"ஆமாண்ணே."

குனிந்துவிட்டார். இரண்டு கையும் குடத்தின் கழுத்தைப் பிடித்தாகிவிட்டது. பேச்சுக்குத்தான் கேட்டார்: "வீட்டு ஆளுங்க எங்க?"

"பின்னால வராங்க."

கையை எடுத்துவிட்டார்.

"அப்ப வரட்டும் தங்கச்சி. நான் தூக்கி வச்சுட்டா அவங்க வந்து வருத்தப்படுவாங்க. வீட்டு ஆளு கையால வைக்கிறதுதான் முறை. நீங்க கவலப்படாதீங்க, அவங்க வர்ற வரைக்கும் நான் நிக்கிறேன்."

யாரும் இல்லை என்று சொல்லியிருந்தால் குடம் தலையில் இருந்திருக்கும். அந்த இரண்டு வார்த்தைகள் என் வாயில் வரவில்லை. இது திமிரா, வெட்கமா என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த நேரத்தில் அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

ரெங்கசாமி அண்ணன் நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் பொய் சொன்னால் இதுதான் கஷ்டம், நம்பிவிடுகிறார்கள். கையை நெற்றியில் குடையாக வைத்துக்கொண்டு, முகமே தெரியாத என் குடும்பத்தைப் பாதையில் தேட ஆரம்பித்தார்.

"என்னா கலர் சட்ட போட்டிருக்காங்க?"

"மஞ்சள்."

பத்துமலையில், தைப்பூச நேரத்தில், மஞ்சள். பாதை முழுக்க மஞ்சள்தான்.

"அதோ, அவங்களா?"

"இல்லண்ணே."

"அந்தக் கண்ணாடி போட்டவரு?"

"இல்ல."

கொஞ்சம் தள்ளி தனலெட்சுமி தலையில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். "என்னாங்க, மேளம் கிளம்பிடுச்சு!"

"இரு லா, இவங்க வீட்டு ஆளுங்க வந்துரட்டும்!"

அவர்களுடைய மேளம் மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. வெயில் ஏறியது. குடத்தைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் பால் திரிந்துவிடும். திரிந்த பாலைக் கொண்டுபோய் முருகனுக்கு ஊற்ற முடியாது.

6

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் தனலெட்சுமி என் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துகொள்கிறார். "நீங்க தூக்கி வைங்க, அவங்க மெதுவா வரட்டும்" என்று புருஷனிடம் சொல்கிறார். லோகனுக்கு இது பிடிக்கும். எனக்கும் பிடித்தது. அதனால்தான் சந்தேகம். இதில் நான் வாயே திறக்க வேண்டியதில்லை, உலகம் தானாகப் புரிந்துகொண்டுவிடுகிறது. ஐம்பத்து மூன்று வருஷமாக நான் காத்திருக்கும் முடிவு இது. இதுவரை வந்ததில்லை.

இரண்டாம் முடிவில் நானே தூக்கிக்கொள்கிறேன். முடியாதது ஒன்றுமில்லை, குடம் அப்படி ஒன்றும் கனமில்லை, எத்தனையோ பேர் அப்படித்தான் எடுக்கிறார்கள். மாரியாயிக்கு விதி தடுக்கிறது, எனக்கு எந்த விதியும் இல்லை. ஆனால் எழுதும்போது குடம் இடுப்புவரைதான் வந்தது. அதற்குமேல் வரி நகரவில்லை. என் பிறந்தநாளுக்கு நானே கைதட்டிக்கொள்வது போல இருந்தது.

மூன்றாம் முடிவில் பாலை ஆற்றில் ஊற்றிவிட்டு, காலிக் குடத்தைப் பையில் போட்டுக்கொண்டு கொமுட்டர் ஏறி வீட்டுக்கு –

(இதை முடிக்கவில்லை. முடித்தால் நடந்துவிடும் போல இருந்தது.)

உண்மையில் என்னதான் நடந்தது என்று கேட்பீர்கள். சொல்லமாட்டேன். என்மேல் கோபம் வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் தோளைக் காட்டுங்கள், சோறாவது வேகும்.

7

லோகன் கடைசியாக அனுப்பிய செய்தி: "அக்கா, எண்டிங் எங்க? ரூல நீங்களே போட்டீங்க, நீங்களே மாட்டிக்கிட்டீங்க."

சரியாகத்தான் சொல்கிறான். என் உணர்ச்சி என் கைக்கு வேலை செய்யாது என்று நானே எழுதி வைத்துவிட்டு, என் கதையை நானே எப்படி முடிப்பது? எத்தனை முடிவு எழுதினாலும் குடம் தரையைவிட்டு எழும்பாது. வேறு ஒரு கை வேண்டும்.

அதனால் ஆற்றங்கரையை அப்படியே விட்டிருக்கிறேன். வெயில் உச்சிக்கு வரவில்லை, பால் இன்னும் திரியவில்லை. மேளம் தூரத்தில் கேட்கிறது. தனலெட்சுமி ஒரு கையால் தன் குடத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கழுத்து வியர்வையைத் துடைக்கிறார். பாதையில் ஒருவர் வருகிறார். இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வந்தவர். மஞ்சள் சட்டை போட்டிருக்கிறாரா என்று எனக்கு இங்கிருந்து தெரியவில்லை. போடாவிட்டாலும் பரவாயில்லை.

ரெங்கசாமி அண்ணன் நெற்றியில் இருந்து கையை எடுத்து உங்களைக் காட்டுகிறார்.

"தங்கச்சி, அதோ. அவங்களா?"

நான் என்ன சொல்லட்டும்?