ஏழு தரம் போன பூங்கா

சுதாஜினி வரமாட்டேன் என்று சொன்னது முதலில் ஒருவர் காதிலும் ஏறவில்லை. தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள், சொன்னாள், குசினிக்குள் போய்விட்டாள். முன்னறையில் அந்த நேரம் பெரிய கொண்டாட்டம். சுவிசிலிருந்து வந்திருந்த புருசனின் தமையன் ராசு நடுக் கதிரையில் இருந்துகொண்டு, கொழும்புப் பக்கம் இருக்கிற பெரிய பூங்கா ஒன்றைப் போனில் காட்டிக்கொண்டிருந்தார். பதினொரு வயதுக் கோகுலன் அவருடைய தோளில் ஏறாத குறை. அவனுக்கு மூத்தவள் லக்சிகா, பதினைந்து வயது, எதற்கும் இலேசில் சிரிக்காதவள், அவளும் சிரித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். சனிக்கிழமை விடியப்புறம் வாடகைக்கு வான் பிடித்து வெளிக்கிடுவது என்று எல்லாம் முடிவாகிவிட்டது.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி மூன்று ஏக்கர் நெல் செய்கிற வீடு அது. சும்மா இருக்கிற நாள் என்று வருடத்தில் ஒன்றுதான் வரும். ஓகஸ்ட் விடுமுறையில், சிறுபோகம் வெட்ட மெசின் வருவதற்கு முந்திய சனிக்கிழமை. அந்த நாளில் அவர்கள் வவுனியாவுக்குப் பஸ் ஏறி, செட்டிகுளம் றோட்டில் இருக்கிற தண்ணீர்ப் பூங்காவுக்குப் போவார்கள். கொரோனாக் காலத்தைக் கழித்துவிட்டால் இதுவரை ஏழு தரம் போயாயிற்று. ஒரு பெரிய நீலச் சறுக்கல், இரண்டு சின்னச் சறுக்கல், அலை அடிக்கிற ஒரு தொட்டி, ஒரு ராட்டினம். கண்ணை மூடிக்கொண்டு படம் கீறித் தருவேன் என்று லக்சிகா சொன்னதில் பொய் இல்லை. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதைப் போல விசர் வேலை உலகத்தில் இல்லை என்று ராசு சொன்னார். சுவிசில் சனங்கள் ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒவ்வொரு நாட்டுக்குப் போகிறார்களாம்.

குசினி வாசலில் வந்து நின்று சுதாஜினி இரண்டாம் தரமும் சொன்னாள். இந்த முறை சத்தமாகவே சொன்னாள்.

"நான் கொழும்புக்கு வரேல்லை. நான் எங்கட பார்க்குக்குத்தான் போறன்."

புருசன் கிருசாந்தன் தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நிற்க அவளைப் பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை. கை நீட்டாதவன், குடிக்காதவன், வயலில் மாடு மாதிரி உழைக்கிறவன். ஊரில் நாலு பேர் நல்லவன் என்று சொல்லும் ஆள். அதுதான் கரைச்சலே. நல்ல மனிசனோடு சண்டை பிடிக்கிற பெண்சாதியை ஊர் ஒரு மாதிரித்தான் பார்க்கும்.

சண்டைக்குக் காரணம் ஒரு பை. மண்ணிறத் தோள்பை, வாயைப் பூட்டுகிற சிப் இரண்டு தரம் மாற்றினது. அதற்குள் காணிப் பெர்மிற், நாலு பேருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், கலியாணப் பதிவு, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதங்கள் எல்லாம் இரண்டு பொலித்தீன் உறையில் சுற்றிக் கிடக்கும். இறுதி யுத்தத்தில் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்தபோது கிருசாந்தன் நெஞ்சளவு தண்ணீரில் அந்தப் பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடந்தவன். உடுபுடவை, நகை, சைக்கிள் எல்லாம் போயிற்று. பை வந்தது. முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது, அவனுக்குக் காணி அவனுடையதுதான் என்று காட்ட ஒரு கிழமை போதுமாயிருந்தது. பெர்மிற் தொலைத்த பக்கத்து வளவுக்காரருக்கு நாலு வருடம் எடுத்தது. அந்த மனிசன் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினதைப் பார்த்த பிறகு கிருசாந்தன் ஒரு முடிவுக்கு வந்தான். வீட்டில் ஆள் இல்லாமல் பை வீட்டில் இருக்கக்கூடாது. இன்னொருவர் கையில் கொடுக்கவும் கூடாது.

அந்தப் பயத்தை சுதாஜினி ஒருநாளும் பகிடி பண்ணவில்லை. அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. வன்னியில் முக்கால்வாசி வீடுகளில் அப்படி ஒரு பை இருக்கிறது, எந்த வீட்டிலும் அது அலுமாரிக்கு அடியில் போவதில்லை, கையெட்டும் இடத்திலேயே கிடக்கும். ஆனால் பை பூங்காவுக்குப் போனால் அதை ஓர் ஆள் வைத்திருக்க வேண்டும். பூங்காவில் பூட்டுப் போட்ட லொக்கர் பெட்டிகள் இருக்கின்றன, அவற்றைக் கிருசாந்தன் நம்பமாட்டான். பிள்ளைகளோடு தண்ணீரில் ஒரு பெரிய ஆள் நிற்கவும் வேண்டும். முதல் வருடம் வாசலைத் தாண்டியதும் பையைக் கழற்றி அவள் தோளில் மாட்டிவிட்டு, "நீர் தண்ணிக்குள்ள இறங்கமாட்டீர்தானே" என்று சொல்லிக்கொண்டே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அது கேள்வியும் இல்லை. பதிலுக்கு அவன் நிற்கவும் இல்லை.

முத்தையன்கட்டு வாய்க்காலில் பெடியங்களோடு போட்டிக்கு நீந்தி வளர்ந்தவள் அவள். கிருசாந்தன் அந்த நெஞ்சளவு தண்ணீரில் நடந்து வந்தவனே தவிர, நீந்தத் தெரிந்தவன் இல்லை. இந்த வேடிக்கை இத்தனை வருடமாக அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஏழு தரமும் அவள் ஒரு சீமெந்து வாங்கில் குந்தியிருந்தாள். மடியில் அந்தப் பை, ஒரு பக்கம் சோத்துப் பார்சல், மற்றப் பக்கம் மூன்று சோடிச் செருப்பு, எல்லோருடைய உலர்ந்த உடுப்பு. ஒதுங்கப் போவதென்றாலும் யாராவது கரையேறும்வரை அடக்கிக்கொண்டு இருக்கவேண்டும். நீலச் சறுக்கலில் சனங்கள் கத்திக்கொண்டு வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிழவன்மார் விழுந்தார்கள். அவளைவிட இரண்டு மடங்கு உடம்புள்ள பெண்கள் விழுந்து, எழும்பி, சிரித்துக்கொண்டு மறுபடியும் படியேறினார்கள். போன வருடம்தான் அவளுக்கு அது ஒரு முடிவாக வந்தது. அடுத்த வருடம் நானும் போவேன் என்று மனதுக்குள் சொல்லி வைத்தாள். பதினொரு மாதம் அதை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தவளுக்கு, வான் பிடித்து வேறு பூங்காவுக்குப் போகிறோம் என்றால் பத்திக்கொண்டு வராதா?

ராசு நல்லபடியாகத்தான் கேட்டார். பெரிய பூங்கா, பத்துச் சறுக்கல், எல்லாச் செலவும் தன்னுடையது, பிறகு என்ன பிரச்சினை என்று கேட்டார். ஏழு தரம் பார்த்த இடத்தில் எட்டாம் தரம் பார்க்க என்ன இருக்கிறது?

"வற்றாப்பளைக்கு வருசாவருசம் போறம், அத்தான்" என்றாள் சுதாஜினி. "போன வருசமும் இந்த அம்மனைத்தானே பாத்தனாங்கள், இந்த முறை வேற ஆரையும் பாப்பம் எண்டு ஆரும் சொன்னவையோ?"

கோயிலும் பார்க்கும் ஒன்றா என்று ராசு சிரித்தார். கிருசாந்தனும் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் அவளை முழுதாக வாசலுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தது.

"ஒண்டில்லை. கோயிலில நான் உள்ளுக்குப் போய்க் கும்பிடுறனான். பார்க்கில நான் இன்னும் உள்ளுக்குப் போகேல்லை. நீங்கள் மூண்டு பேரும் ஏழு தரம் போய்வந்திட்டியள். நான் ஏழு தரமும் வாங்கிலதான் இருந்தனான். எனக்கு அது பழைய இடமில்லை."

லக்சிகா தாயைப் பார்த்தாள், பிறகு தன் கால்விரல்களைப் பார்த்தாள். கிருசாந்தன் மெல்லிய குரலில், அதற்கென்ன, கொழும்பிலும் இறங்கலாம்தானே என்று தொடங்கினான். கொழும்பில் பை யார் மடியில் இருக்கும் என்று அவள் கேட்டாள். கிருசாந்தன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அப்படியானால் அவள் பையோடு வீட்டில் நிற்கட்டும், தாங்கள் போய்விட்டு வருகிறோம் என்றான். தமையனுக்கு முன்னால் தோற்கக்கூடாது என்று சொன்ன சொல் அது. சொன்ன உடனேயே அவன் முகம் போன போக்கைப் பார்த்தால் அது வாய்தவறி வந்தது என்று தெரியும். தெரிந்தும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை.

"நான் வீட்டில நிக்கமாட்டன். சனிக்கிழமை ஏழு மணி பஸ்ஸுக்கு வெளிக்கிடுறன். பை உந்த மேசையில கிடக்கும். பாக்கிறவை பாருங்கோ."

ராசுவுக்கு மனம் நொந்துவிட்டது. நொந்ததில் நியாயம் உண்டு. நாடு விட்டு நாடு வந்து, ஆசையாக ஒரு பயணம் ஒழுங்குபண்ணின மனிசன். உங்கள் பாட்டில் செய்யுங்கோ என்று சொல்லிவிட்டு, அவர் வெள்ளிக்கிழமையே தன்னுடைய சிநேகிதர்களோடு கொழும்புக்குப் போய்விட்டார். வானும் அவரோடு போயிற்று. கோகுலன் அன்று முழுதும் சாப்பாட்டில் கோபம் காட்டினான். அவன் தள்ளிவிட்ட சோற்றைச் சுதாஜினி மூடி வைத்தாள். ஒரு நாளைக்கு நான்கூட அடங்கிப் போயிருக்கலாமோ என்று இரண்டு தரம் நினைத்தாள். மூன்றாம் தரம் நினைக்க வரும்போது எழும்பிப் போய்ச் சோற்றுக்கு அரிசி களைந்தாள்.

சனிக்கிழமை விடிந்தது. சுதாஜினி குளித்து, சோத்துப் பார்சலைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினாள். லக்சிகா ஏற்கனவே வாசல் படலையடியில் நின்றாள், தாயின் கையிலிருந்த பார்சலை வாங்கிக்கொண்டாள். கோகுலன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் வந்தான். கிருசாந்தன் கதவைப் பூட்டினான். திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டான். நாலடி நடந்தான். நின்றான். திரும்பிப் போய்க் கதவைத் திறந்து, மேசையில் கிடந்த பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான்.

பூங்காவுக்குள் போனதும் பழக்கதோசத்தில் பையைக் கழற்றி நீட்டினான். நீட்டிய பக்கத்தில் ஆள் இல்லை. அவள் நீச்சல் உடுப்பு வாடகைக்குக் கொடுக்கிற இடத்தில் வரிசையில் நின்றாள். நீளக்கை வைத்த கறுப்புச் சட்டையும் அதற்கேற்ற காற்சட்டையும். அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது நாலு பேர் பார்த்தார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பார்த்தால் பார்க்கட்டும். நாற்பது வயது உடம்பு, இரண்டு பிள்ளை பெற்ற உடம்பு, களை பிடுங்கிப் பிடுங்கி முதுகு கறுத்த உடம்பு. யாருக்கும் அதைப் பற்றி விளக்கம் சொல்லவேண்டிய தேவை அவளுக்கு இல்லை.

படி ஏறும்போது லக்சிகா கூட வந்தாள். மேலே போனதும் கையை நெஞ்சில் கட்டவேண்டும், கண்ணை மூடக்கூடாது, வாயைத் திறந்தால் தண்ணீர் போகும் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு புத்தி சொன்னாள். உச்சியில் சுதாஜினி கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். அங்கேயிருந்து அந்தச் சீமெந்து வாங்கும் தெரிந்தது. மடியில் பையை வைத்துக்கொண்டு, சுற்றிவர மூன்று சோடிச் செருப்போடு கிருசாந்தன் இருந்தான். அவ்வளவு சின்னதாக, அவ்வளவு ஓரமாக அந்த வாங்கு இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. இவ்வளவு காலமும் அங்கேயா இருந்தேன் என்று ஒரு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தோடு கையைக் கட்டிக்கொண்டு சறுக்கலில் விழுந்தாள்.

மரியாதையாக, சத்தமில்லாமல் இறங்கவேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். இரண்டாவது வளைவிலேயே வாய் தானாகத் திறந்துவிட்டது. வவுனியா முழுக்கக் கேட்கக் கத்திக்கொண்டு வந்து தண்ணீருக்குள் போய், அடிமட்டம் தொட்டு, மூக்கெல்லாம் எரிய மேலே வந்தாள். வந்தவள் சும்மா நிற்கவில்லை. தொட்டியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்தினாள். கரையில் நின்ற கோகுலன் கோபத்தை மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அம்மாவுக்கு நீந்தத் தெரியும் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

தண்ணீர் குடிக்க என்று வாங்கடிக்கு வந்தபோது கிருசாந்தனுக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது. பத்து மணிக்குப் பிறகு மரநிழல் அந்த வாங்கை விட்டுப் போய்விடும். ஒதுங்கப் போகவேண்டும் என்றும் சொன்னான், பையையும் தூக்கிக்கொண்டு போக யோசனையாக இருந்ததாம். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்ட, மூச்சு வாங்க, சிரிப்பை அடக்கமாட்டாமல் நின்றவளை நிமிர்ந்து பார்த்தான்.

"சுதா, உதில லொக்கர் கிடக்கு. பாத்தனான், நல்ல பூட்டுத்தான். பையை வைச்சுப் பூட்டிப்போட்டு நானும் வாறன்."

இத்தனை வருடம் அவள் கேட்க ஆசைப்பட்ட சொல் அது. அவனுக்கு அதைச் சொல்ல ஒரு மணித்தியாலம் வாங்கில் இருந்தது போதுமாயிருந்தது. அவளுக்குச் சந்தோசம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது, இரண்டுக்கும் மேலால் பிடிவாதம் வந்தது.

"அடுத்த வருசம் வையுங்கோ" என்றாள். "இண்டைக்கு நீங்கள் இருங்கோ. பின்னேரம் வரைக்கும் இருந்து பாருங்கோ."

கிருசாந்தன் எழும்பப் போனவன் எழும்பவில்லை. பையைத் திரும்ப மடியில் வைத்து, வாரைக் கையில் சுற்றிக்கொண்டான். அவள் தண்ணீர்ப் போத்திலை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, கோகுலனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு, இரண்டாம் தரம் நீலச் சறுக்கலுக்குப் படியேறினாள்.