சரிசம உயரம்

"அந்தத் தண்ணி பாட்டில எல்லாம் திரும்ப வண்டியில ஏத்துடா," என்றாள் தெர்வ்லா. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு மூன்று நாளாக டீ போட்டுப் போட்டு அவள் கை ஓய்ந்திருந்தது.

"குழாய்த் தண்ணில மண் வாடை அடிக்குதேக்கா. வந்தவங்க என்ன நினைப்பாங்க?" என்றான் தம்பி மாலக்கி.

"எங்கேருந்து அடிக்குதுன்னு நினைப்பாங்க."

அவன் பாட்டில்களைத் திரும்ப வண்டியில் ஏற்றத் தொடங்கினான். வாடை ஏரியிலிருந்து வருகிறது. ஏரி முழுக்கப் பச்சைப் பாசி; சுற்றியுள்ள பண்ணைகளின் கழிவோடு அவனுடைய ஆறு கோழிக் கொட்டகைகளின் எருவும் அதற்குத் தீனி. கொட்டகையைக் கூட்டினால்தான் கறிக் கம்பெனி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்; அவனும் கூட்டிக்கொண்டே போனான். அந்த ஏரியில் விலாங்கு பிடித்தே இருவரையும் வளர்த்த அப்பா ஃபெலிம், கடைசி மூன்று வருடம் மகன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இப்போது முன்னறையில் சவப்பெட்டிக்குள் கிடக்கிறார்.

தெர்வ்லாவுக்கு ஒரே கவலைதான். பெட்டியை மாதா கோயில்வரை சுமக்க மீனவர்கள் வந்துவிட்டார்கள். ஒருவரும் மாலக்கியின் முகத்தைப் பார்க்கவில்லை. பெற்ற மகன் தோள் கொடுக்காமல் அப்பா போய்விடுவாரோ?

பெட்டி சாயாமலிருக்க, உயரம் பார்த்து ஜோடி சேர்ப்பார்கள். ஜோடிகள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். மாலக்கியின் உயரத்துக்கு அங்கே இருந்தவர் ஒருவர்தான், அப்பாவோடு நாற்பது வருடம் ஒரே படகில் போன கஹல். இனி யாருக்கும் வேண்டாத அந்தப் படகைப் பாசியிலிருந்து கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டு, நேராக வந்திருந்தார்.

"சித்தப்பா, அவனும் பிடிக்கட்டுமே..." என்றாள் கஹலிடம்.

"நான் வேணாம்னா சொன்னேன்? சண்டை போடவெல்லாம் தெம்பு இல்லம்மா. எல்லாம் அலுத்துப் போச்சு." மாலக்கியின் பக்கம் திரும்பினார். "டேய் நெட்டை, கிட்ட வாடா. பெட்டி சாஞ்சா உங்கப்பன் எழுந்து உக்காந்து திட்டுவான்."

மாலக்கி வந்தான். கஹலின் கை அவன் தோளைச் சுற்றி இறுகியது. ஏரியோரப் பாதையில் நாற்றம் குடலைப் புரட்டியது. எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தார்கள். அந்த இருவர் மட்டும் ஒரே சீராக அடி எடுத்து வைத்தார்கள், பெட்டி ஆடவில்லை.

கோயில் வாசலில் அடுத்த ஜோடிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, மாலக்கி அக்காவுக்கு முன்னால் தலை குனிந்து நின்றான். அவனுடைய கறுப்புக் கோட்டின் தோளில் ஐந்து விரல்களும் பச்சையாகப் பதிந்திருந்தன.

துடைத்துவிடலாமென்று தெர்வ்லா கைக்குட்டையை எடுத்தாள். பிறகு அதை மடித்துப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அவன் பின்னால் உள்ளே போனாள்.