மேலே தைத்த சினைப்பை

மூத்திரம் முட்டி அடிவயிறு வலித்தது. ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு படுத்தால்தான் ஸ்கேனில் சினைப்பை தெரியுமாம். சுரங்க மேட்டில் நாள் முழுக்க ஈயத்துக்காகக் கல் உடைக்கும்போதுகூட நான் இப்படி அடக்கியதில்லை. நாங்கள் அடுக்கிக் கட்டும் நான்கு பாவாடையோடு ஓரமாகக் குந்தினால் யாருக்குத் தெரியும்?

பத்தொன்பது வயதில் எனக்கு மலக்குடலில் புற்று. புற்றைக் கருக்க இருபத்தைந்து நாள் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். அதோடு தீட்டு நின்றது. இப்போது இருபத்தாறு. சினைப்பை செத்திருந்தால் எலும்பு கிழவி எலும்பாகிவிடும், சுத்தியலைத் தொடாதே என்றார்கள். சுத்தியல் இல்லாமல் என் அடுப்பு எரியாது.

தலைநகர் லா பாஸிலிருந்து வந்திருந்த டாக்டர் ஷிமேனா கருவியை அடிவயிற்றில் அழுத்தித் தேடினாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"ரெண்டு சினைப்பையும் காணோம்மா. கரண்ட்ல கருகிருக்கும்."

"காணாமப் போக அது என்ன மேயப் போன லாமாக் குட்டியா?" என்றாள் துணைக்கு வந்த பிரிமித்திவா அக்கா. என்னோடு கல் உடைப்பவள்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"நீங்க வேற பொந்துல தோண்டுறீங்க டாக்டரம்மா. கரண்ட் வைக்குமுன்ன ரெண்டையும் மேல தூக்கித் தைச்சாங்க. சூடு படக்கூடாதுன்னு."

"பேப்பர்ல இல்லையே! முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலையே."

"பேப்பர் கெடக்கு, தழும்பைப் பாரு தாயி," என்றாள் அக்கா. "கல்லுக்குள்ள ஈயம் எங்க ஓடுதுன்னு கல்லு உடைக்கிறவளுக்குத் தெரியும். மேல ஏத்து."

கருவி விலாவுக்குக் கீழே ஏறியது. இடப்பக்கம் ஒன்றுமில்லை. வலப்பக்கம் டாக்டரின் கை நின்றது. திரையில் ஒரு சாம்பல் உருண்டை. அதற்குள் கறுப்புக் கறுப்பாக மணிகள்.

"முட்டைக் குமிழுங்க… நாலு, அஞ்சு, ஆறு. சினைப்பை உயிரோட இருக்குடி!" என்றாள் டாக்டர்.

"அவளும் அப்படித்தான். லேசுல சாகமாட்டா," என்றாள் அக்கா.

கர்ப்பப்பை கரண்டில் சுருங்கியிருந்தது; தீட்டு நின்றது அதனால்தானாம். பிள்ளைக்கு உறுதி சொல்ல முடியாது என்றாள் டாக்டர். "ரத்தமும் பாத்துடுவோம். ஆனா இது வேலை செய்யுது. சுத்தியல் தூக்கலாம்."

இன்னும் இரண்டு டாக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். முட்டும் மூத்திரத்தோடு நானே விலாவுக்குக் கீழே விரலை வைத்து, "இங்க பாருங்க," என்றேன். மேஸ்திரி சொல்லுக்குக் குனிவதுபோல மூன்று படித்த தலைகளும் குனிந்தன.

"பழைய ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பேப்பரை வாங்கிட்டு வா. அடுத்து பாக்கிறவங்களும் ஏமாறக் கூடாது," என்றாள் டாக்டர்.

வாங்கப் போக வேண்டும். ஏற்றிய ரத்தத்துக்கு ஈடாக நம் ஆட்கள் ரத்தம் கொடுக்க வேண்டும், அதுவரை பேப்பர் கிடைக்காது என்பது அங்கே வழக்கம். ஆபரேஷனில் எனக்கு நான்கு பை ஏறியது. மேட்டுப் பெண்கள் மூன்று பேர் கொடுத்தார்கள். புற்று வந்த என் ரத்தத்தை எடுக்கமாட்டார்கள். அங்கே என் பேரில் இன்னும் ஒரு பை ரத்தம் பாக்கி.