மேக் தெரியும்

ஃபோல்டரை இழுத்துச் சர்வரில் போட்டேன். அதே பெயரில் அங்கே ஒன்று இருக்கிறது, மாற்றிவிடவா என்று கேட்டது. 'மாற்று' என்பதை அமுக்கினேன். விண்டோஸில் ஆயிரம் தடவை இப்படிப் போட்டிருக்கிறேன். பழையது பழையபடி கிடக்கும், புதுசு அதோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். இங்கே திறந்து பார்த்தால் நான் போட்ட பதினோரு படங்கள்தான் இருந்தன. ஏற்கெனவே இருந்த இருநூற்றுப் பதினாலையும் காணோம். ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் மாற்று என்றால் மாற்றுதான், பழைய ஃபோல்டர் ஒட்டுமொத்தமாகப் போய்விடும். குப்பைத்தொட்டியில் தேடினேன். சர்வரில் அழிந்தது அங்கே வந்து விழாதாம். பேக்கப் எடுக்கிற டிஸ்க் நிரம்பி ஒரு மாதமாகிறது, யாரும் கவனிக்கவில்லை.

அத்தனையும் பக்கத்து நாற்காலி அக்காவின் மூன்று வார வேலை. ஷாம்பு கம்பெனி விளம்பரம். ஒவ்வொரு பெண்ணின் தலைமுடியையும் பின்னணியிலிருந்து இழை இழையாக வெட்டி எடுத்திருந்தார். அன்று மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று மதியமே கிளம்பிவிட்டார்.

எனக்கு மேக் தெரியாது. அப்பா மூட்டை தூக்குகிறவர், அம்மா கட்டட வேலைக்குக் கல் சுமக்கிறவள். ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில், உதிரி பாகங்களை வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டரில் தொழில் கற்றவன் நான். இந்த விளம்பர ஆபீஸில் வேலை கேட்டு வந்தபோது, "மேக்லதான் சார் அஞ்சு வருஷமா ஓட்டுறேன்" என்று கூசாமல் சொன்னேன். சேர்ந்த பிறகு சந்தேகம் வந்தால் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் தேடிப் படிப்பேன். தம்பிக்கு வயிறு சரியில்லை என்று கேலி பேசினார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்காவும் விண்டோஸிலிருந்து வந்தவர்தான். ஆனால் முதல் நாளே, "இந்த எழவு மெஷின் எனக்குப் புரியல, யாராச்சும் சொல்லிக்குடுங்கப்பா" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். மேக்கில் இடது மூலையில் இருக்கும் மூடுகிற பொத்தானைத் தேடி, பழைய பழக்கத்தில் வலது மூலைக்கே ஓடுகிற கையைத் தானே ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிரிப்பார். சந்தேகமெல்லாம் என்னிடம்தான். கழிவறையில் படித்ததை நான் சொல்லிக்கொடுப்பேன்.

அதனால் மறுநாள் காலை படங்களைக் காணோம் என்று தெரிந்ததும் யாரும் ரொம்ப யோசிக்கவில்லை.

"வேற யாரு, அக்காதான். மூடச் சொன்னா முழுங்கிட்டாங்க" என்றான் வீடியோ வெட்டுகிறவன்.

மேனேஜர் சிரிக்கவில்லை. "என்னக்கா பண்ணீங்க? வெள்ளிக்கிழமை குடுத்தாகணும்."

"நேத்து போறப்ப இருந்துச்சு சார்..." அக்கா மௌஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான் எதையாவது அமுக்கித் தொலைச்சிட்டேன் போல."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீதான் இதுல பழம் தின்னு கொட்டை போட்டவனாச்சே. என்ன ஆயிருக்கும்?"



"ஃபோல்டர் மேல ஃபோல்டரைப் போட்டா இப்படி ஆகும் சார்" என்றேன். யார் போட்டது என்று அவர் கேட்கவில்லை.

"சரிக்கா, நாளையிலேர்ந்து நீங்க முன் ரூம்ல, அந்தப் பழைய விண்டோஸ் மெஷின்ல உக்காந்து லெட்டர் அடிங்க. டிசைனைத் தம்பி பாத்துக்கட்டும்."

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, கோவிச்சுக்காத. எந்த எடத்துல தப்பு பண்ணேன்னு ஒரே ஒரு தடவ காட்டிடு. அதுகூடத் தெரியாமப் போனா மனசு ஆறாது."

ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் செய்தேன். ஒன்றை இழுத்து இன்னொன்று இருந்த இடத்தில் போட்டேன். கேள்வி வந்தது.

"இதையா அமுக்கினேன்?"

"ஆமாக்கா."

"அடச்சே. கண்ணு அவிஞ்சா போச்சு எனக்கு."

மௌஸை வாங்கி அவரே செய்து பார்த்தார். நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் கேள்வி வந்ததும் சுட்டுக்கொண்டதுபோல விரலை எடுத்துக்கொண்டார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேலே 'நான் செய்த தப்பு' என்று எழுதி, அடியில் கோடு போட்டார். ஸ்கேல் இல்லாமலே கோடு நேராக விழுந்தது. ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எல்லாவற்றையும் எழுதி முடித்து, தாளை என் கீபோர்டின் மேல் வைத்தார்.

"சரியா எழுதியிருக்கேனான்னு பாரு தம்பி" என்று பேனாவையும் நீட்டினார்.