உள்கேட்டுச் சிவப்பு விளக்கு

2024 ஜூலை 8, திங்கட்கிழமை. தாயில்பட்டிக்குக் கிழக்கே உள்ள ஒரு பட்டாசு ஆலையின் உள்கேட்டு வழியாகக் காலை ஏழு மணியிலிருந்து பதினொன்றுக்குள் மூன்று வண்டிகள் வந்தன. சிவப்பு விளக்கு பத்து முறை எரிந்தது.

வண்டி உள்கேட்டைத் தாண்டினால், அறைகளில் பட்டாசுக்கு வெடிமருந்து செலுத்தும் பெண்கள் போட்டது போட்டபடி வெளியே வந்து வேலியோரம் நிற்க வேண்டும். வண்டி சரக்குக் கிட்டங்கிக்குப் போய் எஞ்சினை அணைத்த பிறகுதான் உள்ளே போகலாம். முதலாளி பலவேசம் வைத்த சட்டம் அது. வண்டி வருவதை அறைகளுக்குச் சொல்வதுதான் விளக்கின் வேலை.

பதினான்கு வருடமாக அங்கே எலக்ட்ரீசியன் தனுஷ்கோடி. போன வருடம் கேட்டுத் தூண்களில் ஒளிக்கதிர் சென்சார் மாட்டி விளக்கோடு இணைத்தது அவன்தான். கதிரை எது மறைத்தாலும் விளக்கு எரிந்தது. "தனுஷ்கோடி லைட்டு ஆட்டுக்கும் சலாம் போடும்லே" என்று லோடுமேன்கள் சிரித்தார்கள்.

இந்த ஜூனில் ஓவியா வந்தாள். டிப்ளமோ முடித்தவள், வயது இருபத்திரண்டு, மூன்று மாதம் சோதனை வேலை. அந்த சென்சாருக்குப் பதிலாகக் கேட்டுத் தரையில் சதுரமாக மெல்லிய பள்ளம் வெட்டி, மோட்டார்ச் சுருள் கட்டும் கடையில் வாங்கிய செம்புக் கம்பியை ஐந்து சுற்று பதித்தாள். அதற்குச் சின்ன சர்க்யூட் ஒன்றை அவளே பற்றவைத்தாள்.

"இரும்பு மேல வந்தாத்தான் இது அசையும்ணே. ஆடு இரும்பு திங்காதுல்ல?"

லோடுமேன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளி அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பதினான்கு வருடத்தில் தனுஷ்கோடியை ஒரு தரம்கூட அதில் உட்காரச் சொன்னதில்லை. "ரெண்டு நாள்ல முடிச்சிருச்சு பாத்தியா? நீ ரெண்டு மாசம் எடுத்த" என்றார் அவனிடம்.

வீட்டில் அவன் மனைவி சண்முகத்தாயும் சோறு போட்டுக்கொண்டே அதையே பேசினாள். அவள் நாலாம் அறையில் மருந்து செலுத்துகிறவள். "அந்தப் பிள்ளைக்கு எம்புட்டுப் பொறுமைங்கீக!" தனுஷ்கோடிக்குச் சோறு இறங்கவில்லை.

தரைச் சுற்றிலிருந்து சர்க்யூட் பெட்டி வரைக்கும் வயர் இழுப்பது அவன் பொறுப்பு. "ரெண்டு வயரையும் நல்லா முறுக்கி இழுங்கண்ணே. மோட்டார் லைன்கிட்ட போகக்கூடாது" என்று ஓவியா இரண்டு முறை சொல்லியிருந்தாள். அவன் முறுக்கவில்லை. போர்வெல் மோட்டார் லைன் போகும் குழாய்க்குள்ளேயே இழுத்துவிட்டு மண்ணைத் தள்ளினான்.

அந்தத் திங்கட்கிழமை, மோட்டார் ஓடும்போதெல்லாம் விளக்கு எரிந்தது. ஒவ்வொரு தடவையும் பெண்கள் வெளியே ஓடி வந்தார்கள்.

"ஏ ஓவியா, நாங்க பீஸுக்கு வேலை பாக்கோம். ஒன் லைட்டுக்குக் கூலி நீயா தருவ?"

ஓவியா சர்க்யூட்டைக் கழற்றி மாட்டினாள். மறுபடி கழற்றினாள். செவ்வாய்க்கிழமை அவனிடம் வந்தாள். "வயர முறுக்கித்தானண்ணே இழுத்தீக?"

"பின்ன? எனக்கு வேலை தெரியாதுங்கியா?"

"அப்படியில்லண்ணே" என்று தலையைக் குனிந்துகொண்டு போனாள். அன்று அவன் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான்.

புதன்கிழமை விளக்கு எரிந்தும் யாரும் வெளியே வரவில்லை. பத்தரை மணிக்கு வெளியூர் லாரி ஒன்று, சைலன்சரில் தீப்பொறியைத் தடுக்கும் வலை இல்லாமலே, வாட்ச்மேன் கத்தக் கத்த உள்கேட்டைத் தாண்டியது. தனுஷ்கோடி கேட்டருகே ஏணியில் இருந்தான். விளக்கு எரிந்தது. நாலாம் அறை வாசலில் ஒரு தலைகூடத் தெரியவில்லை. லாரி புகையைக் கக்கிக்கொண்டு அந்த அறையை நோக்கித் திரும்பியது.

ஏணியிலிருந்து குதித்து ஓடினான். "சண்முகத்தாயி! வெளிய வா! எல்லாரும் வெளிய வாங்க!" லாரியின் முன்னால் கையை விரித்து நின்றான். டிரைவர் திட்டிக்கொண்டே எஞ்சினை அணைத்தான்.

ஒன்றும் ஆகவில்லை. பலவேசம் வந்து ஓவியாவிடம் பாய்ந்தார்.

"நாளைக்கு வேலைக்கு வராத. தனுஷ்கோடி, ஒன் பழைய பெட்டியவே மாட்டு."

அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். ஆனால் பழைய பெட்டி ஆட்டுக்கெல்லாம் விளக்கை எரியவிட்டதால் அப்போதும் பெண்கள் வெளியே வந்ததில்லை. அது அவனுக்குத் தெரியும். சண்முகத்தாய் வேலியோரம் மருந்து படிந்த கையோடு நின்றிருந்தாள்.

"மொதலாளி, சர்க்யூட்டுல தப்பில்ல. நான்தான் வயர முறுக்காம இழுத்தேன். வேணும்னேதான்."

முதலாளி ஓவியாவிடம் வயரைப் புதிதாக இழுக்கச் சொன்னார். ஓவியா அவனைப் பார்க்கவில்லை. புது வயரின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை டிரில்லிங் மெஷினில் மாட்டிச் சுழற்றினாள். அரை நிமிடத்தில் இரண்டு வயரும் சீராக ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. இந்த யோசனை தனக்கு ஏன் ஒருநாளும் வரவில்லை என்று நினைக்கையில், அந்த நிலையிலும், தனுஷ்கோடிக்கு வயிறு எரிந்தது.

சாயங்காலத்துக்குள் தனிக் குழாயில் வயர் மாற்றப்பட்டது. ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து ஆலையின் மின்வேலைப் பொறுப்பு ஓவியாவுக்குப் போனது. தனுஷ்கோடியை அவளுக்குக் கீழே உதவியாளாகப் போட்டார்கள்.