பாதி மைதானம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். ஜன்னலோரக் கட்டிலில் நான். எதிர்க் கட்டிலில் காலை மடக்கிக்கொண்டு லிஃப்ட் மெக்கானிக். கதவுக்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் டிரைவர். அறைக்கு இருந்த ஒரே நாற்காலியில் போன் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த அந்தப் போனில்தான் எங்கள் ஊர் மைதானம் தெரிந்தது.

அங்கே அப்போது மாலை நான்கு. எங்கள் ஊர் கால்பந்து அணிக்கு அரையிறுதி. வெளிநாடு வந்த ஒன்பது வருஷத்தில் நான் தவறவிட்ட ஆட்டங்கள் நான்கே நான்கு. மூன்று வேலையால், ஒன்று காய்ச்சலால். கோல் விழுந்தாலும் ஆள் மாறினாலும் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறவரை மைக்காரர் என்றுதான் ஊரே கூப்பிடும். அவர் எனக்கு வீடியோ கால் போட்டு, போனைத் தன் மேஜையில் மைதானத்தைப் பார்த்து நிறுத்தி வைத்துவிடுவார். மேஜை ஒரு பக்கத்துக் கோல் கம்பத்துக்கு அருகில் இருந்ததால் எனக்குப் பாதி மைதானம்தான் தெரியும். மறு பாதியைக் கூட்டத்தின் சத்தத்திலிருந்து ஊகித்துக்கொள்வேன். பழகப் பழக, அப்படி ஒரு குறை இருப்பதே மறந்துபோயிருந்தது.

அணித் தலைவர் என் அண்ணன். நாற்பத்தொரு வயது, நான்காம் எண், கோல் கீப்பருக்கு முன்னால் நிற்கிற தடுப்பாட்டக்காரர். முதல் பாதியில் எங்கள் கோல் கம்பம் என் பக்கம் இருந்தது. அண்ணன் திரை நிறையத் தெரிந்தார். ஒன்றுக்கு ஒன்று சமம். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியது. எங்கள் கோல் கம்பம் தூரத்துப் பாதிக்குப் போனது, அண்ணனும் கூடவே போனார். அப்புறம் எங்களுக்கு கார்னர் கிடைத்தபோது மட்டும் என் பக்கம் வந்தார். இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, நடந்து.

"உங்க அண்ணன் எங்கப்பா? டீ குடிக்கப் போயிட்டாரா?" என்றார் டிரைவர்.

"அவரு ஆடவா வந்திருக்காரு? டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பாரு, வந்து நடக்கிறாரு" என்றேன் நான்.

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ருசித்தது. நிறுத்தியிருக்கலாம்.

"இந்த வயசுல எதுக்கு இந்தப் பிடிவாதம்? வீட்டுல உக்காரச் சொல்லுங்க. இன்னைக்கு தோத்தா அவராலதான்."

அங்கே மேஜையில் போனுக்கு ஒரு சாண் தள்ளி மைக் இருந்தது. ஓர் ஆள் மாற்றத்தை அறிவித்துவிட்டு மைக்காரர் அதை அணைக்க மறந்திருந்தார். நான் பேசியது, இவர்கள் சிரித்தது, எல்லாம் மைதானத்தின் நான்கு ஒலிபெருக்கியிலும் போயிருக்கிறது. கடைசி வார்த்தை சற்றுப் பிந்தி எனக்கே திரும்பி வந்தபோதுதான் விளங்கியது. "அவராலதான்." அதன் பின்னால் ஊரே சிரிக்கிற சத்தம்.

அண்ணன் தூரத்துப் பாதியிலிருந்து திரைக்குள் வந்தார். நேராக மேஜைக்கு வந்தார். முகம் திரை முழுக்க நிறைந்தது. புருவத்தில் மண்.

"என்னடா, சாப்பிட்டியா?"

"அண்ணே..."

"நேரத்துக்குச் சாப்பிடு."

அதுவும் மைக்கில்தான் போனது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கையில் கட்டியிருந்த தலைவர் பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு மைதானத்தை விட்டே போய்விட்டார்.

சமனில் முடிந்து பெனால்டியில் தட்டுத்தடுமாறி ஜெயித்தோம். அதற்கடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையை விட்டு மறு ஞாயிறு இறுதி ஆட்டம்.

அண்ணன் போனை எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அண்ணி எடுத்தார்.

"அண்ணி, அண்ணன் கோபமா இருக்காரா?"

"கோபமா இருந்தா நான் நிம்மதியா இருப்பேன் தம்பி. 'அவன் எட்ட இருந்து பாக்குறான், அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்'ங்கிறாரு. ஷூவைக் கழுவி, பேப்பர்ல சுத்தி, பரண்ல ஏத்திட்டாரு. இறுதி ஆட்டத்துக்கு வரலைன்னு சொல்லியாச்சு. உங்க பேரைச் சொல்லி போனை நீட்டினா எழுந்து வெளியே போயிடுறாரு."

மைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் என்னை ஹலோ சொல்லக்கூட விடவில்லை.

"அந்தப் பக்கம் என்ன நடந்துச்சுன்னு தெரியுமாடா உனக்கு? இடைவேளைக்கு அப்புறம் மட்டும் ஏழு பந்தைத் தடுத்தாரு. ஒண்ணை கோட்டு மேலயே நெஞ்சைக் குடுத்து நிறுத்தினாரு. நீ பார்த்தது அவரு மூச்சு வாங்க வந்த நேரத்தை."

"அதை மைக்குல சொல்லுங்கண்ணே. நான் மன்னிப்புக் கேட்டேன்னும் சொல்லிடுங்க."

"சொல்லட்டுமான்னு முன்னாடியே அவர்கிட்ட கேட்டேன். வீட்டு விஷயத்தை மைதானத்துக்குக் கொண்டு வராதேங்கிறாரு. கொண்டு வந்தது யாரு, நானா?"

 போனையே தொடாதவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

சரக்குக் கிடங்கில் பெட்டிகளுக்கு முகவரி ஒட்டுவது என் வேலை. ஆனால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கற்ற கடித முறை இன்னும் கையில் இருக்கிறது: வலது மேல் மூலையில் இடமும் நாளும், பிறகு விளிப்பு, பிறகு எழுத வந்த காரணம். முதலில் எழுதியது இரண்டு பக்கம் வந்தது. மேஜை எங்கே இருந்தது, போன் எந்தக் கோணத்தில் நின்றது, மைக்கை யார் அணைத்திருக்க வேண்டும், எல்லாம் வரிசையாக.

டிரைவர் வாங்கிப் படித்தார். "இது மன்னிப்புக் கடிதமா, மைக்காரர் மேல புகாரா?"

மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "போன் போன்னு பதினோரு இடத்துல வருது. 'அண்ணே' ஒரே இடத்துலதான்."

கிழித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து வந்து எழுதியது ஒரு பக்கம்.

"அன்புள்ள அண்ணே, நான் பாதிதான் பார்த்தேன். முழுசும் பார்த்தவன் மாதிரிப் பேசினேன். கூட இருந்தவர்கள் சிரிக்க வேண்டும் என்று பேசினேன். மைக் அணைந்திருந்தாலும் அதையே பேசியிருப்பேன். உனக்குத் தெரியாமல் போயிருக்கும், அவ்வளவுதான். இதற்கு முன்னாலும் இப்படிப் பேசியிருக்கிறேன். ஒன்பது வருஷமாக அங்கே இல்லாதவன் சொல்வதை நீ ஏன் சரி என்று எடுத்துக்கொண்டாய்?"

அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு மைதானம் வரைந்தேன். நடுக்கோடு போட்டேன். எனக்குத் தெரிந்த பாதியில், 'இரண்டாம் பாதி ஆட்டத்தில் உன்னைப் பார்த்தது மூன்று கார்னருக்கு, மூன்று முறையும் நடந்து வந்தாய்' என்று குறித்தேன். மறு பாதியை வெறுமையாக விட்டேன்.

"இந்தப் பக்கத்தை நீ நிரப்பி இதே தாளைத் திருப்பி அனுப்பு. ஷூவை இறக்கு என்று சொல்லமாட்டேன். உன் ஆட்டத்தைப் பற்றி இனி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை."

சனிக்கிழமை காலை தபால் நிலையத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் ஊரின் பெயரைக் கேட்டுவிட்டு, சாதாரணத் தபாலுக்குப் பதினைந்து நாள், விரைவுத் தபாலுக்கே பத்து நாள் ஆகும் என்றாள். இறுதி ஆட்டத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது.

"அவசரமா?" என்று கேட்டாள்.

"அவசரம்தான். ஆனா நேரத்துக்குப் போய்ச் சேராது."

"அப்படின்னா அனுப்பணுமா?"

தினமும் நூற்றுக்கணக்கில் முகவரி ஒட்டுகிறவன், அண்ணன் பெயரைப் பேனாவால் எழுத்து எழுத்தாக எழுதினேன். தெரு, கதவு எண், ஊர் எல்லாவற்றையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தேன். உறையின் ஓரத்தை நனைத்து மடக்கி, எங்கும் தூக்கிக்கொள்ளாதபடி கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். விரைவுத் தபால் என்றே சொல்லி நீட்டினேன். அவள் முத்திரை குத்தி, திரும்பிப் பார்க்காமல், பின்னாலிருந்த பைக்குள் போட்டாள்.