வினிதாவின் சேவல்

நான் வேலையில் சேர்ந்த வருடம் கொரோனாவால் பள்ளிக்கூடம் திறக்கவே இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை எனக்குக் குரலாக மட்டும்தான் தெரியும்.

காலையில் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவரும் "உள்ளேன் மிஸ்" என்று பேசி அனுப்ப வேண்டும். அதுதான் வருகைப் பதிவு. பிரிட்டோ பேசும்போது பின்னால் மிக்சி ஓடும். மதன்குமார் கொட்டாவியோடு சொல்வான். அகரத்திலிருந்து வினிதா சொல்லும்போது ஒரு சேவல் கூவும்.

ஆரம்பத்தில் வினிதாதான் கேள்வி கேட்பாள். "மிஸ், பகல்லயும் நிலா தெரியுதே, ஏன்?" பிறகு கேள்விகள் நின்றுபோயின. "உள்ளேன்" மட்டும் தவறாமல் வந்தது. வீடியோ எடுப்பது, மங்கலான விடைத்தாள் படங்களைப் பெரிதாக்கித் திருத்துவது, சாயங்காலத்துக்குள் வருகைப் பட்டியல் அனுப்புவது என்று எல்லா வகுப்புக்கும் ஓடியதில் நான் கவனிக்கவில்லை. ஒருநாள் இயர்போனில் கேட்டேன். "உள்ளேன்" முடிந்து "மிஸ்" வருவதற்குள் சேவல் கூவியது. முந்தின நாளும் அதே இடத்தில். அதற்கு முந்தின நாளும்.

என்ன பேசுவது என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு அவள் வீட்டு எண்ணுக்கு அழைத்தேன். லாரி ஹாரன் கேட்டது.

"வினிதாவோட சயின்ஸ் மிஸ் பேசுறேன். அவ இருக்காளா?"

"பாப்பா வீட்ல இருக்கு டீச்சர். நான் அவங்கப்பா, சுப்புராஜ். ஒட்டன்சத்திரத்துல தக்காளி ஏத்திக்கிட்டு வந்து பாலக்காட்டுல நிக்கிறேன். இருக்கறது ஒரு போனு, வண்டி ஓட ஆரம்பிச்சதுலருந்து எங்கூடயே வந்துருது."

"அப்ப காலையில உள்ளேன்னு வர்றது?"



"பழசைத்தான் அனுப்புறேன். எதை அமுக்கணும்னு பாப்பா சொல்லிக் குடுத்துச்சு. வரலைன்னா பேரை எடுத்துருவாங்கன்னு அதுக்குப் பயம். வண்டிய ஓரங்கட்டியாவது அனுப்பிருவேன்."

"சேவல்கூட அதே இடத்துல கூவுது."

"அதை ஆடியிலயே குழம்பு வச்சாச்சு டீச்சர்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "நான் அனுப்புற பாடமெல்லாம்?"

"ஞாயித்துக்கிழமைதான் வீட்டுக்குப் போவேன். அதுக்குள்ள போன்ல இடம் இல்லைன்னு வந்துருது. அதனால உங்க வீடியோவை எல்லாம் அழிச்சுருவேன். உள்ளேனை மட்டும் பத்திரமா வச்சுருக்கேன்."

"உள்ளேனை அழிச்சுருங்க. பாடத்தை வச்சுக்கங்க. ஆப்சென்ட் போட்டாலும் பேரை எடுக்க மாட்டாங்க, நான் சொல்லிக்கிறேன். ஞாயித்துக்கிழமை அவளைப் பேசச் சொல்லுங்க."

அன்று பட்டியலில் வினிதா வரவில்லை என்று போட்டேன். அந்த வாரம் பாடங்களைச் சுருக்கி எடுத்தேன், அவள் அப்பாவின் போனில் இடம் போதவேண்டும் என்று.

ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்ததிலிருந்து போனைக் கீழே வைக்கவில்லை. அம்மா இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டாள். மத்தியானம் கழித்து வினிதாவின் குரல் வந்தது. பின்னால் சேவல் இல்லை.

"மிஸ், எல்லா வீடியோவும் பாத்துட்டேன். சோப்பு நுரை ஏன் எப்பவும் வெள்ளையா இருக்கு? அப்புறம் மிஸ், வீடியோல உங்க கை மட்டும்தான் வருது. நீங்க எப்படி இருப்பீங்க?"

கேமராவுக்கு முன் நிற்கக் கூச்சப்பட்டு இத்தனை நாளும் கையையும் தாளையும் மட்டுமே எடுத்திருந்தேன். அவள் கேள்வியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பிறகு வீடியோவை ஓடவிட்டு, போனை என் பக்கம் திருப்பி, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினேன்.

"உள்ளேன், வினிதா" என்றேன். திரும்ப எடுக்கவில்லை. அப்படியே அனுப்பினேன்.